டார்ஜீலிங் மலை ரயிலும் கூம் அருங்காட்சியகமும்

முதல் நாள்: சிலிகுரி

டார்ஜீலிங் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களையும் காஞ்சன்ஜங்காவையும் முன்னால் வைத்து, ரயிலை ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். நான் வந்திருப்பது ரயிலுக்காக; குறிப்பாக, கூம் நிலையத்தில் இருக்கும் சிறிய ரயில் அருங்காட்சியகத்துக்காக. மேட்டுப்பாளையம்–உதகை பாதையைப் பார்த்து வளர்ந்தவர்கள் மனத்தில் ஒரு கேள்வி இயல்பாகவே எழும். நம் நீலகிரி ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. டார்ஜீலிங் ரயிலுக்கு அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை; வழியில் ஒரு குகைகூட இல்லை. ஆனாலும் அது நம் உதகை நிலையத்தைவிட உயரமான இடத்தைத் தொடுகிறது. எப்படி என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறது.

இன்று சிலிகுரியில் தங்கல். ஊரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெரிசல் மிகுந்த சமவெளி வணிக நகரம். ஆனால் இந்த ரயிலின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1878இல் கல்கத்தாவிலிருந்து வரும் ரயில் தொடர்பு சிலிகுரியை எட்டியது. அதற்கு மேலே மலைக்குப் போக, 1860களில் அமைக்கப்பட்ட ஹில் கார்ட் ரோடு என்ற வண்டிப்பாதை மட்டுமே இருந்தது. மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் ஏற்றிச் செல்வதற்கு ஆன கூலியால், சிலிகுரியில் விற்ற அரிசி டார்ஜீலிங்கை அடையும்போது இரண்டு மடங்குக்கும் மேலான விலைக்குப் போனது. கிழக்கு வங்காள ரயில்வேயின் ஏஜெண்டாக இருந்த பிராங்க்ளின் பிரஸ்டேஜ் அந்த விலை வித்தியாசத்தைத்தான் தன் திட்டத்துக்கு அடிப்படையாகக் காட்டினார். வங்காளத்தின் துணை ஆளுநர் ஆஷ்லி ஈடன் ஒப்புதல் கொடுக்க, 1879இல் வேலை தொடங்கியது. 1880 ஆகஸ்டில் கர்சியாங் வரையும், 1881 ஜூலையில் டார்ஜீலிங் வரையும் ரயில் ஓடிவிட்டது. இமயமலைச் சரிவில் இரண்டே ஆண்டுகளில் ஒரு ரயில் பாதை போடப்பட்டது என்பதை முதன்முதலில் படித்தபோது நம்ப முடியவில்லை. அந்த வேகத்துக்கான காரணம் நாளைய பயணத்தில் கண்ணுக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள்: நியூ ஜல்பைகுரியிலிருந்து டார்ஜீலிங் வரை

முழுப் பாதையையும் ஒரே ரயிலில் கடந்துவிட வேண்டும் என்பதற்காக நியூ ஜல்பைகுரியில் காலை வண்டியைப் பிடித்தேன். பாதையின் நீளம் 88 கிலோமீட்டர்; பகல் முழுவதும் இதற்கே சரியாகிவிடுகிறது. முழுத் தூரம் செல்லும் இந்த வண்டியை இழுப்பது பெங்களூரில் செய்யப்பட்ட சிறிய டீசல் எஞ்சின். நீராவி எஞ்சினை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் பாதையைப் படிப்பதற்கு டீசலே போதும்.

தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் இரண்டே அடி. நம் நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ் என்பதால் அதுவே சிறியது என்று நினைத்திருந்தவனுக்கு, இந்தப் பெட்டிக்குள் ஏறியதும் அளவுகள் பற்றிய எண்ணமே மாறிப்போனது. சுக்னா நிலையம் வரை சமதரை. அதைத் தாண்டியதும் சால மரக் காடு தொடங்க, ரயில் தலையைத் தூக்குகிறது. அங்கிருந்து கூம் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டருக்குள் 2,100 மீட்டர் ஏற வேண்டும். அதாவது சராசரியாக முப்பது அடி நகர்ந்தால் ஓர் அடி உயர வேண்டும். கல்லாறுக்கு மேலே நம் ரயில் சந்திக்கும் மிகக் கடுமையான ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இங்கே மேற்கொள்ளப்பட்ட வழி புரியத் தொடங்குகிறது: மலையை நேராக எதிர்கொள்ளாமல், பாதையை நீட்டி நீட்டிச் சரிவைக் குறைத்திருக்கிறார்கள்.

நீட்டுவதற்கு அவர்கள் கையாண்ட உபாயங்கள் இரண்டு. ஒன்று வளையம்: பாதை ஒரு வட்டம் அடித்து, தான் வந்த தடத்துக்கு மேலேயே பாலம் கட்டிக் கடந்துபோகும். மற்றொன்று, இங்கே ரிவர்ஸ் என்று சொல்லப்படும் பின்னோக்கு ஏற்றம். இதை எழுத்தில் விளக்குவது கடினம் என்றாலும் முயல்கிறேன். ரயில் முன்னோக்கிச் சென்று, அதற்கு மேல் போக முடியாத ஒரு முட்டுத் தடத்தில் நிற்கிறது. பாயிண்ட்ஸ்மேன் இறங்கி நெம்புகோலைத் தள்ளித் தடத்தை மாற்றுகிறார். கார்டு பச்சைக்கொடி காட்ட, வண்டி பின்னோக்கியே மேல் சரிவில் ஏறுகிறது. மறுபடியும் ஒரு முட்டுத் தடம், மறுபடியும் தட மாற்றம், பிறகு முன்னோக்கி ஏற்றம். மலையின் பக்கவாட்டில் ‘இசட்’ எழுத்தை வரைந்ததுபோல் பாதை அமைந்திருக்கிறது. இப்படி ஆறு இடங்கள் இருக்கின்றன. முதல் ரிவர்ஸில் வண்டி நின்றபோது எட்டிப் பார்த்தேன். நிமிடங்களுக்கு முன்பு கடந்த தண்டவாளம் ஒரு வீட்டு மாடியின் ஆழத்தில் கீழே கிடந்தது. அவ்வளவு குறைந்த இடத்துக்குள் அவ்வளவு உயரம் கிடைத்துவிடுகிறது.

சுன்பட்டி வளையத்தைக் கடந்து திந்தாரியா. இந்த ரயிலின் பணிமனை இங்கேதான் இருக்கிறது; எஞ்சின்கள் பழுது பார்க்கப்பட்டதோடு நிற்காமல், மூன்று நீராவி எஞ்சின்கள் இங்கேயே கட்டப்பட்டும் இருக்கின்றன. ஊரைத் தாண்டியதும் அகனி பாயிண்ட் என்ற வளையம் வருகிறது. இந்தப் பாதையிலேயே மிக இறுக்கமான வளைவு அதுதான். சன்னலோரம் அமர்ந்திருந்த எனக்கு எஞ்சினும் கடைசிப் பெட்டியும் ஒரே நேரத்தில் தெரிந்தன. சக்கரங்கள் தண்டவாளத்தோடு உரசும் கிரீச்சொலி பெட்டிக்குள் பேச்சை நிறுத்திவிட்டது.

கயாபாரிக்கு மேலே பாக்லாஜோரா என்ற ஓடைப்பகுதி. மழைக்காலங்களில் மலையே இடம்பெயரும் இடம் இது. 2010இல் இங்கே நேர்ந்த பெரும் நிலச்சரிவும், மறு ஆண்டு திந்தாரியா அருகே நேர்ந்த சரிவும் பாதையைத் துண்டித்துவிட்டன. 2015 இறுதியில்தான் முழுப் பாதையிலும் மீண்டும் ரயில் ஓடியது. புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் இன்றும் வெளிறித் தெரிகின்றன.

வழி நெடுகிலும் ரயிலும் சாலையும் ஒன்றையொன்று விடுவதே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தண்டவாளம் சாலையைக் குறுக்கே கடக்கிறது. கர்சியாங்கில் வண்டி நிலையத்துக்குள் போய், வந்த வழியே பின்னோக்கி வெளியே வந்து, நெரிசலான சாலைச் சந்திப்பைத் தாண்டிக் கடைவீதிக்குள் நுழைகிறது. கடைக்காரர்கள் வெளியே பரப்பிய சரக்கை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். கையை நீட்டினால் தொங்கும் ஸ்வெட்டரைத் தொடலாம். இரண்டே ஆண்டுகளில் பாதையைப் போட்டு முடித்ததன் காரணம் இங்கே தெளிவாகிவிட்டது. பிரஸ்டேஜ் புதிதாக மலையை வெட்டவில்லை. ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்த வண்டிப்பாதையின் ஓரத்தில், அதில் அடங்கும் அளவுக்குச் சிறிய ரயிலை வைத்தார். தொடக்கத்தில் அவருடைய நிறுவனத்தின் பெயரே டார்ஜீலிங் ஸ்டீம் டிராம்வே கம்பெனி என்றுதான் இருந்தது. சாலை எங்கெல்லாம் ரயிலுக்கு மிகச் செங்குத்தாக இருந்ததோ, அங்கெல்லாம்தான் வளையங்களும் ரிவர்ஸ்களும் தேவைப்பட்டன.

சோனாடாவில் மூடுபனி உள்ளே வந்துவிட்டது. கூம் நிலையத்தில் வண்டி சற்று நின்றபோது பெயர்ப்பலகையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அங்கிருந்து டார்ஜீலிங் வரை இறக்கம்.

மூன்றாம் நாள்: கூம் அருங்காட்சியகம்

காலையில் ஷேர் ஜீப்பில் கூம் வந்தேன். பனி விலகியிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 2,258 மீட்டர், அதாவது 7,407 அடி. இந்தியாவின் மிக உயரமான ரயில் நிலையம் இது. நம் உதகை நிலையத்தின் உயரம் 2,203 மீட்டர். வித்தியாசம் அதிகமில்லை என்றாலும் குளிரில் அது நன்றாகவே தெரிகிறது.

அருங்காட்சியகம் நிலையத்தோடு ஒட்டியதே. டெல்லியில் சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்கள் அந்த அளவில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அரை மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்; சுற்றுலா ரயிலில் வருகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் முந்தைய நாள் முழுப் பாதையையும் பார்த்துவிட்டு வந்ததால் எனக்கு ஒவ்வொரு படத்தின் முன்னும் நிற்க வேண்டியிருந்தது.

படங்கள்தான் இங்கே பெரும் செல்வம் என்பது என் எண்ணம். ஆட்கள் அருகில் நிற்கும் பழைய ரயில் படங்களைப் பார்த்தால், பெட்டியின் கூரை ஒரு மனிதனின் தலைக்கு மேல் எவ்வளவு கொஞ்சம் உயர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. வளையங்களின் படங்களைப் பார்க்கும்போது பாதை இன்றுள்ள வடிவில் பிறக்கவில்லை என்பதும் புரிகிறது. பாதையின் கீழ்ப்பகுதியில் இருந்த ஒரு வளையம் 1942இல் கைவிடப்பட்டு அங்கே ரிவர்ஸ் வந்தது. மற்றொன்று 1991 வெள்ளத்தில் போய்விட்டது. டார்ஜீலிங்குக்கு அருகில் உள்ள பதாசியா வளையமோ 1919இல்தான் சேர்ந்தது. மழை எங்கே இடித்ததோ அங்கே திரும்ப எழுதப்பட்டு, எழுதப்பட்டே வந்த பாதை இது. நான் நேற்று பாக்லாஜோராவில் பார்த்த புதிய சுவரும் அந்த நீண்ட திருத்தத்தில் ஒரு வரிதான்.

இழந்த கிளைகளையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சிலிகுரியிலிருந்து தீஸ்தா பள்ளத்தாக்கு வழியாக இதே இரண்டடிப் பாதையில் ஒரு கிளை ஓடியது. 1950 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனபின் மறுபடியும் போடப்படவே இல்லை. அந்தக் கிளை சென்ற சிவோக் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ‘பேபி சிவோக்’ என்ற குட்டி எஞ்சின் கூமில் திறந்த வெளியில் நிற்கிறது. நான்கே சக்கரங்கள். அதன் புகைபோக்கியின் விளிம்பு என் கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தது. சுற்றிவந்து சக்கரங்களை இணைக்கும் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். பல கைகள் பூசிய வண்ண அடுக்குகளுக்கு அடியிலும் இரும்பின் விளிம்பு கூர்மையாகவே இருக்கிறது.

அங்கே நின்றுகொண்டு மனைவியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, ஒரு பெரியவர் அருகில் வந்தார். “தம்பிக்குத் தமிழ்நாடா?” என்று கேட்டார். “ஆமாங்கய்யா” என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீலகிரி எஞ்சின்களைப் பல ஆண்டுகள் பிரித்துச் சேர்த்தவர். மனைவியோடு சுற்றுலா வந்திருக்கிறார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பேறு அவரைச் சந்தித்ததே.

இந்த ரயிலின் அடையாளமான ‘பி கிளாஸ்’ எஞ்சினின் படத்துக்கு முன் நின்று அவர் சொன்ன விளக்கம் எந்தப் பலகையிலும் கிடைக்காது. 1889இல் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் இந்த வகையை வடிவமைத்துக் கொடுத்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறு மாற்றங்களோடு அதே வடிவில் 34 எஞ்சின்கள் வெவ்வேறு இடங்களில் கட்டப்பட்டன. “நம்ம நீலகிரி எஞ்சின் எக்ஸ் கிளாஸ்ல நாலு சிலிண்டர் தம்பி. ரெண்டு சாதாரண சக்கரத்துக்கு, ரெண்டு பல்சக்கரத்துக்கு. ஒரு தடவை வேலை செஞ்ச நீராவி வீணாப் போகாம பல்சக்கரத்தைத் தள்ளும். இதுல மொத்தமே ரெண்டுதான். பிடிப்புக்கு எடையை விட்டா வேற வழி கிடையாது. தண்ணித் தொட்டியை எங்க வச்சிருக்கான் பாருங்க” என்று விரலால் காட்டினார்.

பார்த்தேன். கொதிகலனின் முதுகில் சேணம் போல ஒரு தொட்டி. சட்டத்தின் அடியில் இன்னொன்று. நிலக்கரிப் பெட்டிகூடத் தனி வண்டியில் இல்லை; டிரைவர் நிற்கும் இடத்துக்கு முன்னால், கொதிகலன் மேலேயே இருக்கிறது. தண்ணீர், நிலக்கரி, இரும்பு என்று எஞ்சின் சுமக்கும் எடை முழுவதும் அந்த நான்கு சக்கரங்களின் மேல்தான் இறங்குகிறது. நான்குமே இழுக்கும் சக்கரங்கள். எடை கூடினால் தண்டவாளத்தின் மேல் பிடிப்பும் கூடும். நான்கோடு நிறுத்திக்கொண்டதால் எஞ்சின் குட்டையாகி, அகனி பாயிண்ட் போன்ற வளைவுகளிலும் திரும்பிவிடுகிறது. நேற்றுப் பகல் முழுவதும் என் மனத்தில் இருந்த கேள்விக்கு இந்த ஒரு படத்தில் பாதி விடை கிடைத்துவிட்டது.

1911இல் கூடுதல் பலம் வேண்டும் என்று பேயர் பீகாக் நிறுவனத்திடமிருந்து காரட் வகை எஞ்சின் ஒன்றை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒரே கொதிகலனின் முன்னும் பின்னுமாக இரண்டு எஞ்சின் வண்டிகள் பொருத்திய அமைப்பு அது. அந்த ஒன்றோடு அது நின்றுவிட, பி கிளாஸே கடைசிவரை மலையை ஏறிக்கொண்டிருந்தது. பெரியவருக்கு அதில் வியப்பே இல்லை. “சின்னதா இருந்தா பழுது பாக்கறது சுலபம் தம்பி. மலையில அதுதான் முக்கியம்” என்றார். பணிமனையில் வாழ்நாளைக் கழித்தவரின் அளவுகோல் அது. எஞ்சினின் பலத்தை மட்டும் பார்த்துப் பழகிய என்னைப் போன்ற ஆர்வலர்கள் இந்த அளவுகோலையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடையின் மறுபாதியை அவர் சொல்லவில்லை. “நாளைக்கு நீராவி வண்டியில போவீங்கள்ல, எஞ்சினுக்கு முன்னால யார் உக்காந்திருக்காங்கன்னு பாருங்க” என்று மட்டும் சொல்லி விடைபெற்றார்.

கூமில் புகழ்பெற்ற பௌத்த மடாலயம் ஒன்றும் இருக்கிறது. மாலையில் அங்கே சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பினேன்.

நான்காம் நாள்: நீராவி வண்டியில் மீண்டும் கூமுக்கு

டார்ஜீலிங்கிலிருந்து கூம் சென்று திரும்பும் சுற்றுலா ரயிலில் முன்பதிவு செய்திருந்தேன். புறப்படும் நேரத்துக்கு வெகுமுன்பே போய், நிலையத்தையொட்டிய எஞ்சின் கொட்டகைக்கு எதிரே நின்றுகொண்டேன். எஞ்சினுக்கு முன்புறம், இணைப்புக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டத்தில் இருவர் வந்து அமர்ந்தார்கள். பெரியவர் சொன்னது இவர்களைத்தான்.

இவர்களுடைய வேலை மணல் போடுவது. இருவருக்கும் அருகே மணல் நிரப்பிய பெட்டி; ஆளுக்கு ஒரு தண்டவாளம். வண்டி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும் கணத்தில், சக்கரத்துக்குச் சற்று முன்னால் தண்டவாளத்தின் தலையில் மணலைத் தூவுகிறார்கள். பனியும் மழையும் ஈரச் சருகும் படிந்த இரும்பின்மேல் இரும்புச் சக்கரம் பிடித்து ஏறுவதற்கு அந்த மணல்தான் துணை. என் பெட்டி எஞ்சினுக்கு அடுத்தது என்பதால் வளைவுகளில் என் பக்கத்து மனிதரின் கையை மட்டும் நன்றாகப் பார்க்க முடிந்தது. அவர் அள்ளி வீசவில்லை. கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே மணலைக் கோலப்பொடி போல மெல்லிய இழையாக விட்டார். எஞ்சினின் மூச்சு சீராக இருக்கும்போது கை மடியில் இருந்தது. சக்கரம் சுழன்று, புகைபோக்கியின் ஒலி திடீரென்று படபடத்ததும், தலையைத் திருப்பாமலே கை கீழே போனது. இரண்டு மூன்று நொடிகளில் ஒலி மறுபடி சீரானது. எங்கே தூவ வேண்டும் என்பதைக் கண்ணால் அல்லாமல் காதால் அறிகிறார்கள்.

மேலே நிலக்கரிப் பெட்டியின் அருகே ஒருவர் பெரிய கட்டிகளைச் சுத்தியலால் உடைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். டிரைவர், ஃபயர்மேன், நிலக்கரி உடைப்பவர், மணல் போடும் இருவர் என்று, மூன்று நான்கு சிறிய பெட்டிகளை இழுக்கும் ஓர் எஞ்சினை இத்தனை பேர் சேர்ந்து ஏற்றுகிறார்கள். நம் நீலகிரி ரயிலிலும் பெட்டிக்கு ஒருவராகப் பிரேக்ஸ்மேன்கள் முகப்பில் நின்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். யுனெஸ்கோ 1999இல் இந்தப் பாதைக்கும், 2005இல் நம் நீலகிரிப் பாதைக்கும் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியைக் கொடுத்தபோது தண்டவாளங்களோடும் பாலங்களோடும் இந்தக் கைத்திறனையும் சேர்த்தே அங்கீகரித்ததாக நான் எடுத்துக்கொள்கிறேன். எஞ்சினைக் கூடத்தில் நிறுத்திப் பாதுகாக்கலாம். காதால் கேட்டு மணல் விடும் கையை வேலை நடக்கும்வரை மட்டுமே பாதுகாக்க முடியும். ஆகவே இந்த நீராவி வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பதாசியாவில் வண்டி சற்று நின்றது. வளையத்தின் நடுவே, நாட்டுக்காக உயிர் நீத்த கூர்க்கா வீரர்களுக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது. வானம் மூடியிருந்ததால் காஞ்சன்ஜங்கா தெரியவில்லை. கூமில் மற்றவர்கள் அருங்காட்சியகத்துக்குள் போனபோது நான் நடைமேடையிலேயே நின்று, எஞ்சின் பெட்டிகளிலிருந்து கழன்று மறுமுனைக்கு வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேபி சிவோக்கில் வண்ணம் பூசி அசையாமல் நிற்கும் இணைப்புக் கம்பி, இங்கே எண்ணெய் பளபளக்க மேலும் கீழும் போய்வந்தது.

வர விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையால் பாதை அடைபடக்கூடும். முழுத் தூர வண்டி ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் சிலிகுரிப் பக்கமிருந்து முழுப் பாதையிலும் ஏறி வந்தபின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அதற்குப் பின் நீராவி வண்டியில் போங்கள். சுற்றுலா ரயிலின் கூம் நிறுத்தத்தில் கிடைக்கும் நேரம் போதாது. தனியாக ஒரு காலையை ஒதுக்குங்கள்.

கர்சியாங்கிலும் சுக்னாவிலும் இந்த ரயிலுக்குச் சிறிய காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. நாளை ஜீப்பில் இறங்கும் வழியில் முதலில் கர்சியாங்கில் இறங்கப் போகிறேன்.